கொள்ளிக்குக் கேட்ட தணல்

ஜன்னலை இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் அக்கா. வாடை என்மேலிருந்துதான் வருகிறது. இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனீர்கள், அதைப் பார்த்தேன். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் கோழிக்கொட்டகை வாடை அப்படியெல்லாம் போய்விடாது, மயிர்க்காலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் கரிப்புகை வேறு.

ஆமாம், என் போன்தான். அடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். என் வீட்டுக்காரர். எடுத்தால் என்ன கேட்பார் என்று தெரியும், அதனால்தான் எடுக்கவில்லை.

ஒட்டன்சத்திரம் போகிறேன், அம்மா வீட்டுக்கு. விசேஷமெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் மாமனார் தவறிவிட்டார். இன்னும் கருமாதி ஆகவில்லை. கருமாதி முடியாமல் மருமகள் வீட்டைவிட்டுக் கிளம்புவாளா என்றுதானே பார்க்கிறீர்கள்? கிளம்ப மாட்டாள். நான் கிளம்பிவிட்டேன். குஞ்சுக்கு மருந்து வாங்கக் காங்கேயம் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். காங்கேயம் பஸ்ஸுக்குத்தான் நின்றேன். எதிர்ப்பக்கம் இந்த பஸ் வந்தது, ரோட்டைத் தாண்டி ஓடி ஏறிவிட்டேன். மாற்றுப் புடவைகூட இல்லை, இந்தப் பை ஒன்றுதான்.

நீங்கள் தாராபுரத்தில் இறங்கிவிடுவீர்கள் அல்லவா? அப்படியானால் சொல்லலாம். தெரிந்தவர்களிடம் எனக்குப் பேச வராது. கல்லூரியில் விலங்கியல் படித்தேன். வாய்மொழித் தேர்வில், தெரிந்த பதிலைக்கூடச் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேடம் கேட்பார், "ஏம்மா வசுமதி, பதில் உள்ள இருக்குதா இல்லியா?" உள்ளேதான் இருக்கும். வெளியே வராது. ஆனால் அக்கா, பேசவே கூடாத இடத்தில் மட்டும் என் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அந்த எழவு வீட்டில் இரண்டு முறை திறந்தது. அந்த இரண்டு முறையால்தான் இன்று இந்த பஸ்ஸில் இருக்கிறேன்.

எங்களுடையது கம்பெனிக் கோழி. குஞ்சையும் தீவனத்தையும் அவர்கள் இறக்கிவிட்டுப் போவார்கள், வளர்ந்ததும் ஏற்றிக்கொண்டு போவார்கள். நடுவில் உயிரோடு வைத்திருப்பது நம் பாடு. பொரித்த அன்றே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். தாய்க்கோழி என்று ஒன்றை அது பார்த்ததே கிடையாது. உடம்பில் தானாகச் சூடு பிடிக்கிற வரைக்கும் நாம்தான் சூடு கொடுக்க வேண்டும். தகரத்தை வட்டமாக வளைத்துத் தடுப்புக் கட்டி, உமியைப் பரப்பி, மேலே பழைய பேப்பர் விரித்து, பல்பைத் தாழ்த்தித் தொங்கவிடுவோம். வட்டமாகத்தான் கட்ட வேண்டும். மூலை இருந்தால் பயந்துபோய் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நானும் மூலை தேடுகிற ஆள்தான், அதனால் அது எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

கரண்ட் இல்லாவிட்டால் கரி. எங்கள் பக்கம் தேங்காய்த் தொட்டிக் கரி, அதாவது கொட்டாங்கச்சிக் கரி கிடைக்கும், பிடித்துவிட்டால் வெகுநேரம் கெடாது. ஓட்டை போட்ட தகர டின்னில் வெளியிலேயே மூட்டி, புகை முழுக்க அடங்கிய பிறகு உள்ளே கொண்டுபோய்ச் செங்கல்மேல் வைப்போம். எவ்வளவு சூடு என்பதற்கு வெப்பமானி எல்லாம் மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்ப்பதில்லை. காதில் கேட்டாலே தெரியும். குளிர்ந்தால் கூட்டமாக ஒடுங்கிக்கொண்டு கத்தும், ஊசி குத்துகிற மாதிரி. சரியாக இருந்தால் பரவலாகத் திரிந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் போடும், நாலு பேர் கூடிப் பேசுகிற மாதிரி. சூடு மிஞ்சினால் கத்தாது. தடுப்போரமாக ஒதுங்கி, இறக்கையை விரித்து, வாயைத் திறந்துகொண்டு படுத்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் நன்றாகத் தூங்குகிறது என்பார்கள். 

மாமனார் ஆடி மாதத்திலிருந்தே படுக்கைதான். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்குள் படுக்க மாட்டார். கொட்டகையை ஒட்டித் தீவன மூட்டை அடுக்குகிற அறை இருக்கிறது, அங்கேதான் கட்டில் போட வேண்டும். அவர் கட்டின கொட்டகை, அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. ஒவ்வொரு முறை குஞ்சு இறக்கும்போதும் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைப்பேன். மூடிக்கொள்வார். வழக்கமாகச் செய்வதுதான், அவரும் நானும் பேசிக்கொண்டதே கிடையாது.

அன்றைக்கும் விடியற்காலையில் வண்டி வந்தது. நல்ல மழை, ஐப்பசி அடைமழை. அவர் கையில் ஒன்றை வைத்துவிட்டு வந்து, வெல்லத் தண்ணீர் கலக்கி, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருதரம் போய் எட்டிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. குஞ்சு அவர் கைக்குள் சத்தமில்லாமல் இருந்தது. குஞ்சு கத்தவில்லை, அப்படியானால் கை வெதுவெதுப்பாக இருக்கிறது, அப்படியானால் தூங்குகிறார். இப்படித்தான் நினைத்தேன் அக்கா. நினைத்துவிட்டு என் வேலைக்குப் போய்விட்டேன். அத்தை, என் மாமியார், கஞ்சி கொண்டுபோய் எழுப்பும்போதுதான் தெரிந்தது. அத்தை போட்ட சத்தத்தில்தான் அந்தக் குஞ்சும் கத்தியது.

நான் எட்டிப் பார்த்தபோது உயிர் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சேர்த்துப் பேசுவார்கள்.

பேசுவார்கள் என்று சும்மா சொல்லவில்லை. கேளுங்கள்.

சின்னக் கொழுந்தனார் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அதுவரை உடம்பை வைத்திருக்க ஐஸ் பெட்டி வந்தது. பெட்டி வந்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று, ரோட்டோரக் கம்பம் மழையில் சாய்ந்துவிட்டது. பெட்டிக்காரர் கையோடு ஒரு சின்ன ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்தார், அதை ஓடவிட்டார். இந்தப் பக்கம் கொட்டகையில் பல்பெல்லாம் அணைந்து, குஞ்சுகள் கத்த ஆரம்பித்துவிட்டன.

என் வீட்டுக்காரர் மூத்த மகன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தால் எழுந்து வர முடியாது. நான்தான் பெட்டிக்காரரிடம் போய் மெதுவாகக் கேட்டேன், ஜெனரேட்டரிலிருந்து கொட்டகைக்கு ஒரு ஒயர் இழுக்க முடியுமா என்று. அவர் சிரித்துவிட்டார்.

"இது ஐஸ் பெட்டிக்கே முக்குதுங்க அம்மிணி. உங்க கோழிக்கும் சேத்து எங்கத்த இழுக்கறது?"

பின்னால் நின்ற யாரோ ஒரு அத்தை கேட்டுவிட்டார். "ஏன்டி, பொணத்துக்கு ஓடற கரண்டுல ஒயர் இழுக்கக் கேக்கறா பாரு." பந்தலில் கால்வாசிப் பேருக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை நான் அந்த இரண்டில் சேர்க்கவில்லை. இது வேறு.

கரி மூட்டுவதைத் தவிர வழியில்லை. ஆனால் எழவு வீட்டில் உடம்பை எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாதே. தலைமாட்டு விளக்கு ஒன்றுதான் எரியலாம். எங்கள் வளவில் நாலு வீடும் பங்காளி வீடு, நாலு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்துதான் இட்லியும் காப்பியும் தூக்கில் வந்தது. மாமனாரின் அண்ணன், எல்லாருக்கும் பெரிய மாமா, அவரிடம் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன புள்ள?"

"குஞ்சுக்குக் கரி மூட்டோணுங்க மாமா."

"எடுக்கறதுக்கு முன்னாலயா?"

"வீட்டு அடுப்பு இல்லீங்க. கொட்டாய்க்குப் பொறத்தாலதான்."

"நெருப்புல வீட்டு நெருப்பு, கொட்டாய் நெருப்புன்னு இருக்குதா?" என்று கேட்டார். அப்புறம் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். கூடாது என்றுதான் அர்த்தம். கூடாது என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் திரும்பிக்கொண்டாரே.

நான் மூட்டினேன். கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை இறக்கத்தில் மழைச்சாரல் படாமல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு மூட்டினேன். கரி ஈரம். கூரைக்கு மேலே புகை ஏறி நின்றது, பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். வந்து யாரும் தடுக்கவில்லை. தடுத்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. டின்களை உள்ளே வைத்து, படுதாவை இறக்கி, ஒடுங்கிக் கிடந்த குஞ்சுகளைக் கையால் கலைத்துக் கலைத்து விட்டேன். வெளியே தப்பு மேளம் ஒரு சுற்று அடித்தால் போதும், உள்ளே எல்லாம் பாய்ந்து ஒரே குவியலாகிவிடும். மறுபடி கலைக்க வேண்டும். அடிக்கிறவர்களை நிறுத்தச் சொல்ல முடியுமா? அங்கே அவர்கள் அடிக்க, இங்கே நான் கலைக்க, பொழுதெல்லாம் அதுதான்.

கொஞ்ச நேரத்தில் நனைந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். "எடுக்கறதுக்கு முன்னால நெருப்பு ஆகாது ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிக் குளிர் காய்ந்தார்கள். செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருந்துத் தண்ணீர்த் தட்டை வாசலில் தள்ளி வைத்தேன், அதில் கால் வைக்காமல் வர முடியாதபடி. அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஒப்பாரிக்குக் கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். புகையில் கண்ணும் மூக்கும் வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரரின் சின்னம்மா என்னைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழுவாத கண்ணு, அழுவாத. மகளாட்டம் பாத்தியே அவர" என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா?

"இல்லீங்க சின்னத்தை, பொகைங்க" என்றேன்.

சிரிக்காதீர்கள். சிரிப்பு வரும்தான், எனக்குத் தெரியும். அங்கே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கே பாட்டு நடுவில் அறுந்துபோயிற்று. பேசாமல் இருந்திருக்கலாம். அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இல்லாத அழுகைக்குப் பேர் வாங்கக் கூடாது என்று அந்த நேரத்தில் எனக்கு என்ன நேர்மையோ. அழுகை வரவில்லை அக்கா. காது முழுக்கக் கொட்டகையிலேயே இருந்தது. இது முதல் தடவை.

வெயில் வந்துவிட்டது, பார்த்தீர்களா? காலையில் கிளம்பும்போது மூடிக்கிடந்தது. நன்றாகவே அடிக்கிறது.

மறுபடியும் போன். இந்த முறை கலாமணி அண்ணி. என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அவருக்கு வாய் ரொம்ப நீளம். அடித்து ஓயட்டும்.

இரண்டாவது தடவைதான் மோசம். மறுநாள் பொழுது இறங்குகிற நேரத்தில் கொழுந்தனார் வந்து சேர்ந்தார், காரை விட்டு இறங்கியதும் விழுந்து புரண்டு அழுதார். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். குளிப்பாட்டிப் பாடை ஏற்றியாயிற்று. கொள்ளிச்சட்டிக்கு நெருப்பு வேண்டும். வாசலில் வரட்டியை அடுக்கி மூட்டுகிறார்கள், பிடிக்கவில்லை. நாலு நாள் மழையில் வரட்டி சேறாகக் கிடக்கிறது. சீமெண்ணெய் ஊற்றினால் குபீரென்று எரிந்து உடனே அணைகிறது. கொள்ளிச்சட்டி வழியில் அணைந்தால் அதைவிடக் கேவலம் உண்டா? என் வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு நிற்கிறார். மொட்டையடித்த தலையில் மழை விழுகிறது.

அப்போது பெரிய மாமா சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தார். பின்னாலேயே அத்தனை சனமும் திரும்பியது. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். 

"தணல் இருக்குதா புள்ள?"

"இருக்குதுங்க மாமா."

உள்ளே வந்து டின்மேல் குனிந்தார், கரண்டியை விட்டார். அடியோடு அள்ளினார். அந்த டின்னைச் சுற்றி இருந்த குஞ்சுகள் அப்போதுதான் கலைந்து தண்ணீர் குடிக்கப் பழகியிருந்தன. ராத்திரிக்குக் கரி பிடிக்க வைக்க இனி எவ்வளவு நேரமாகும், எல்லாரும் சுடுகாட்டுக்குப் போய்விட்டால் ஈரக் கரியோடு ஒருத்தியாக... இதெல்லாம் யோசித்துச் சொன்னேனா என்றால், இல்லை. வாய் திறந்துகொண்டது.

"கொஞ்சமா எடுங்க மாமா" என்றேன்.

அக்கா, சொந்த மாமனாருக்கு. கொள்ளி வைக்க. கேட்டதே ஒரு சட்டி நெருப்பு.

தப்பு நின்றுபோயிருந்தது அந்த நேரத்தில், மழைகூடக் கொஞ்சம் விட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு சின்னப்பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய மாமா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அள்ளினதில் பாதியைத் திரும்ப டின்னிலேயே கொட்டினார். அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருக்கலாம் அல்லவா? எல்லார் முன்னாலும் அளந்து திரும்பக் கொட்டினார், அதைவிடத் திட்டு வேறு என்ன இருக்கிறது?

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, காலைக் கழுவிக்கொண்டே, எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வேறு சொல்கிறார். "தொட்டிக்கரித் தணல், அத்தனூண்டுதான் இருந்துச்சு, காடு போய்ச் சேர்ற வரைக்கும் கெடல பாத்துக்க." அந்த அத்தனூண்டு என்கிற வார்த்தை எனக்குத்தானே?

அத்தை அன்றைக்கு யாரிடமும் பேசவில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு முதல் பேச்சாகக் கேட்டார், "எத்தன போச்சு?" என்று. புருஷனை எடுத்து ஒருநாள் ஆகவில்லை, கேட்பது குஞ்சுக் கணக்கை. எப்படிக் குத்திக்காட்டுகிறார் பாருங்கள். "கொஞ்சந்தானுங்க அத்தை" என்றேன். மறுபடி அதே வார்த்தை வந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே. எலும்பு பொறுக்கப் போய்விட்டு வந்தார். குளித்தார். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பி வந்து கொட்டகை வாசலில் ஒரு மூட்டையைத் தொப்பென்று இறக்கினார். தொட்டிக்கரி, புதுக்கரி, ஈரமே இல்லாதது, சல்லடை போட்டுச் சலித்தது. கருமம் செய்கிறவர் வெளியே போகக் கூடாத நேரத்தில் போய் வாங்கிவந்து என் கண்ணெதிரே போட்டுவிட்டுப் போகிறார். இந்தா, உன் கரி, நீயே வைத்துக்கொள் என்று வாயால் சொல்வது ஒன்றுதான் பாக்கி. நான் அதைப் பிரிக்கவே இல்லை. பழைய கரியையே போட்டேன்.

கலாமணி அண்ணியாவது நேரடியாகச் சொல்லிவிடுகிற ஆள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கிக் கிடக்க, கொட்டகைக்குள் வந்து என் பக்கத்திலேயே உமியில் உட்கார்ந்துகொண்டார். "ஏம் புள்ள, எங்கப்பனுக்குப் போவ மிச்சம் மீதி தணல் இருந்தா, எனக்கொரு வாய் காப்பித்தண்ணி வெச்சுக் குடேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே அழுகிறார். என் கையைப் பிடித்தார். நான் உதறிக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். அப்பா செத்த வீட்டில் இப்படி ஒரு கேலி எப்படி வருகிறது ஒருத்தருக்கு?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். துக்கம் கேட்க வருகிறவர்கள் இருக்கிறார்களே. அத்தையிடம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அந்தப் புள்ள எங்க?" என்று கேட்கிறார்கள். காட்டுகிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "இதானா? படிச்ச புள்ளயாட்டந்தான் இருக்குது" என்கிறார்கள். கருமாதிக்கு எல்லாச் சனமும் வரும். நான்தான் இலை போட்டுப் பரிமாற வேண்டும். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு இலைமுன் நின்றால், அந்த ஆள் நிமிர்ந்து பார்த்துக் "கொஞ்சமா ஊத்து புள்ள" என்று சொன்னால் போதும். அங்கேயே செத்துவிடுவேன். அதை நினைத்துத்தான் எதிர்ப்பக்கம் ஓடிவந்து ஏறினேன்.

குஞ்சுகளா? அண்ணியிடம்தான் சொல்லிவிட்டு வந்தேன். கம்பத்தை இன்னும் நட்டு முடிக்கவில்லை, கரண்ட் வரவில்லை. தண்ணீர் எப்படி மாற்றுவது, பேப்பர் எப்படி எடுப்பது, எல்லாம் காட்டினேன். கரி எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அண்ணி கேட்டார். "எத்தன போடறது புள்ள?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? வெயில் வந்தால் குறைத்துவிடுங்கள், கொஞ்சமாகப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன் அக்கா? "பாத்துப் போடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நல்ல வெயில்தான், இல்லையா? கம்பியில் கைவைக்க முடியவில்லை.

மறுபடி அடிக்கிறது. அவர்தான். நீங்கள் எடுக்கச் சொல்கிறீர்கள். திட்டுவார் அக்கா. திட்டினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் நிற்பார். சரி, நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக.

ஏனுங்க... ஆமாங்க, பஸ்லதான்... இல்லீங்க, காங்கேயத்துக்கு இல்லீங்க... சொல்றனுங்க, அத அப்பறமேல் சொல்றன்... நீங்க இப்ப எங்க நிக்கறீங்க? கொட்டாய்க்குள்ளயா? நெசமாலுமே உள்ள நிக்கறீங்களா? பின்ன ஏனுங்க சத்தமே கேக்கல?

எல்லாம் அமைதியாகப் படுத்திருக்கிறதாம் அக்கா. ஒரு சத்தம் இல்லை, நீ எதற்கும் கவலைப்படாதே என்று சொல்கிறார். சந்தோஷமாகச் சொல்கிறார்.

ஏனுங்க, குனிஞ்சு பாருங்க. மூக்கு தொறந்திருக்குதா மூடியிருக்குதா? ... றெக்க? ... தகரத்து ஓரமா ஒதுங்கிப் படுத்திருக்குதா? ஐயோ. எத்தன டின் வெச்சிருக்கீங்க? ... அண்ணியா? ரொப்பியா? ... அந்தப் புது மூட்டையையா பிரிச்சாங்க? ... பெரிய மாமாவும் வந்து போட்டாரா?

பாருங்கள் அக்கா. எனக்குக் குறை வைக்கக் கூடாதாம், அதனால் ஆளாளுக்கு ஒரு கூடை அள்ளிப் போட்டார்களாம். பெரிய மாமா நான் கிளம்பினதிலிருந்து அங்கேயே உட்கார்ந்து விசிறிக் கொடுக்கிறாராம். எப்படி வஞ்சம் வைத்துக்கொண்டு செய்கிறார்கள் பாருங்கள்.

ஏனுங்க! டின்ன வெளிய எடுங்க. எல்லாத்தையும். எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்! சாக்கப் புடிச்சுத் தூக்குங்க, கை சுட்டுரப் போவுது. மாமாகிட்டச் சொல்லுங்க, விசிறியக் கீழ போடச் சொல்லுங்க! ... நான் சொன்னேன்னே சொல்லுங்க! காத்து எங்கிருந்து வருது? அதுக்கு எதுத்த பக்கம் படுதாவத் தூக்குங்க, பாதி, பாதிதான், ஒரேயடியாத் தூக்கிறாதீங்க. தகரத்த அவுத்து விரிச்சு உடுங்க, எடம் வேணும் அதுகளுக்கு. அண்ணியப் புதுத் தண்ணி வெக்கச் சொல்லுங்க. கெணத்துத் தண்ணி. மூக்கத் தொட்டுத் தொட்டு உடச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா!

எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் அல்லவா? டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்க்கிறார். நான் இவ்வளவு சத்தம் போட்டு என் வாழ்க்கையிலேயே பேசினதில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன். அண்ணா, கண்டக்டர் அண்ணா, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. ஸ்டாப்பு இல்லீன்னா பரவால்லீங்க. கோழி செத்துப்போயிருங்க! ... எதிர்ப்பக்கம் பஸ் இப்ப எதுங்க? ... எதுவா இருந்தாலும் பரவால்லீங்க.

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் அக்கா. இல்லை, பை வேண்டாம், பையில் ஒன்றுமில்லை. சரி, கொடுங்கள்.

ஏனுங்க, வெச்சுறாதீங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், போய் வேலையப் பாருங்க. போன மட்டும் கீழ வெய்ங்க. உமி மேல, குஞ்சுக கிட்ட. நான் கேட்டுக்கிட்டே வர்றன்.